செத்த மீனும் அசையும் தலையும்: எஃப்எம்ஆர்ஐ தரவை அலசுவது எப்படி

பத்திரிகைகளில் அடிக்கடி ஒரு படம் வரும். சாம்பல் நிறத்தில் ஒரு மூளை, அதில் ஒரு ஓரமாகச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு. கீழே "காதலிக்கும்போது மூளையின் இந்தப் பகுதி ஒளிர்கிறது" என்கிற மாதிரி ஒரு வரி. பார்க்கிறவர்கள் இதை எக்ஸ்ரே போல எடுத்துக்கொள்கிறார்கள். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், காதல் வந்தால் இதில் தெரியும், அவ்வளவுதானே!

ஸ்கேனருக்குள் எதுவும் ஒளிர்வதில்லை. அந்தச் சிவப்பு ஒரு கணக்கின் விடை. மூளையை ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு புள்ளியியல் சோதனை செய்து, ஓர் எல்லையைத் தாண்டிய பெட்டிகளுக்கு மட்டும் சாஃப்ட்வேர் பூசுகிற வண்ணம். எல்லையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது ஓர் ஆள். அந்த ஆளும் அவர் நம்புகிற சாஃப்ட்வேரும் சரியாக இருந்தால்தான் படம் சரி.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. பகலில் சாஃப்ட்வேர் வேலை. கிடைக்கிற ராத்திரிகளிலும் சனி ஞாயிறுகளிலும் பொதுவெளியில் இருக்கும் மூளைத் தரவுகளை இறக்கி அலசிப் பார்ப்பது சில வருடங்களாகப் பழக்கம். இந்தத் துறை என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மூளை மட்டும் இல்லை. தன் கருவிகளில் இருக்கும் ஓட்டையைத் தானே தேடிக் கண்டுபிடித்து, கூசாமல் எழுதி வைத்திருக்கிற துறை இது. நம் தொழிலில் பக் ரிப்போர்ட் படிக்கப் பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும்.

முதலில் எதை அளக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். நரம்பு செல்லின் மின்சாரத்தை எஃப்எம்ஆர்ஐ அளப்பதில்லை, ரத்தத்தைத்தான் அளக்கிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். 1936-லேயே லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியெலும் இதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். 1990-ல் பெல் ஆய்வகத்தில் இருந்த செய்ஜி ஒகாவா, இந்த வித்தியாசத்தை வைத்தே எம்ஆர்ஐ படத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் நிலையைப் பார்க்க முடியும் என்று காட்டினார். இதற்கு போல்டு சிக்னல் என்று பெயர். 1992-ல் மனித மூளையில் செய்து காட்டிய கட்டுரைகள் வரிசையாக வந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் குறையும், சிக்னலும் இறங்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடப்பது நேர் எதிர். கல்யாணப் பந்தியில் "கொஞ்சம் சாம்பார்" என்று கேட்டால் மூன்று கரண்டி ஊற்றிவிட்டுப் போவாரே, உடம்பு அந்த மாதிரி. கேட்டதைவிட அதிக ரத்தத்தை அனுப்பிவிடும். அதனால் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் பங்கு அங்கே குறைந்து, சிக்னல் ஏறுகிறது. ஏற்றம் எவ்வளவு? பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம், பல சமயம் அதற்கும் கீழே. அதுவும் உடனே வராது. உச்சிக்கு வர ஐந்து ஆறு விநாடி ஆகும், பிறகு இறங்கி, கொஞ்சம் பள்ளம் விழுந்து, பழைய நிலைக்குத் திரும்ப இருபது விநாடிக்கு மேல் ஆகும்.

பி.இ.யில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இந்நேரம் மணி அடித்திருக்கும். ஆமாம், இது ஓர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். 1996-ல் ஜெஃப்ரி பாயின்டனும் சகாக்களும் பார்வைப் புறணியில் சோதித்து, இந்த அமைப்பு ஏறக்குறைய லீனியர் என்று காட்டினார்கள். அப்படியானால் நமக்குத் தெரிந்த கன்வல்யூஷனே போதும். எந்தெந்த விநாடியில் படம் காட்டினோம் என்ற பட்டியலை எடு, இந்த வளைவோடு கன்வல்யூட் செய். படத்துக்கு மசிகிற பெட்டியாக இருந்தால் அதன் சிக்னல் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்புக் கோடு கிடைக்கும். உண்மையில் அளந்த கோட்டை அதோடு பொருத்திப் பார். நன்றாகப் பொருந்தினால் பெரிய எண், பொருந்தாவிட்டால் சின்ன எண். ஜெனரல் லீனியர் மாடல் என்று பெரிய பெயராக இருந்தாலும் உள்ளே நடப்பது இதுதான். லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டன் குழு உருவாக்கிய எஸ்பிஎம், ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்எஸ்எல், ராபர்ட் காக்ஸ் தொடங்கிய ஆஃப்னி, மூன்றின் வயிற்றிலும் இதே கணக்குதான் ஓடுகிறது.

தரவின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் 64 × 64 புள்ளிகள், அப்படி 36 அடுக்குகள் என்று வைத்துக்கொண்டால் 1,47,456 பெட்டிகள். பெட்டிக்கு வோக்சல் என்று பெயர், முப்பரிமாண பிக்சல். இரண்டு விநாடிக்கு ஒரு படம் என்றால் பத்து நிமிடத்தில் 300 படம். எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் சுமார் 88 எம்பி. பழைய லேப்டாப்பே போதும். மூளைக்கு வெளியே இருக்கும் காற்றை வெட்டிவிட்டால், 3 மி.மீ. பெட்டிகளில் சுமார் 50,000 மிஞ்சும்.

இந்த 50,000-ல்தான் முதல் பிரச்சினை ஆரம்பம். ஒரு சோதனையில் தற்செயலாக ஏமாறுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 50,000 சோதனை செய்கிறோமே! எதுவுமே நடக்காத மூளையிலும் 50 பெட்டி சிவப்பாகிவிடும். சேப்பாக்கம் மைதானத்தில் 30,000 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு நாணயம் கொடுத்துப் பத்து முறை சுண்டச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முறையும் தலை விழுந்தவர்கள் ஏறக்குறைய 29 பேர் இருப்பார்கள். அந்த 29 பேரை மட்டும் டிவியில் காட்டினால் நாணயத்தை வசியம் செய்தவர்கள் என்றுதான் ஊர் நம்பும்.

இதை அமெரிக்காவில் கிரேக் பென்னட்டும் அவர் சகாக்களும் மறக்க முடியாத விதத்தில் காட்டினார்கள். ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்தார்கள். செத்த மீன். அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று சொல்லும்படி கேட்டார்கள். மீனிடம்தான்! பிறகு வழக்கமான கணக்கை ஓட்டினார்கள். 8,064 வோக்சலில் 16 வோக்சல் எல்லையைத் தாண்டியது, அதுவும் மீனின் மூளைக்குள்ளும் தண்டுவடத்திலும். பல சோதனைகளுக்கான திருத்தத்தைப் போட்டதும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2009-ல் ஒரு மாநாட்டில் போஸ்டராக வந்தது, 2012-ல் இக் நோபல் பரிசும் வாங்கியது.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. இந்தப் போஸ்டர் சொன்ன புள்ளியியல் புதிதே இல்லை, அதற்குப் பல வருடம் முன்பே பாடப் புத்தகத்தில் இருந்தது. என்னைக் கவர்ந்தது சோதித்த விதம். விடை "இல்லை" என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு தரவை எடுத்து, அதே பைப்லைனுக்குள் தள்ளிவிட்டு, "இருக்கு" என்று சொல்கிறதா என்று பார்ப்பது. சாஃப்ட்வேர்காரர்கள் மொழியில் இதுதான் டெஸ்ட் கேஸ்.

இதையே பெரிய அளவில் செய்தவர்கள் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் எக்லுண்ட், ஹான்ஸ் நுட்சன், இங்கிலாந்தில் இருந்த தாமஸ் நிக்கல்ஸ். 2016-ல் வந்த கட்டுரை. ஒரு மீனுக்குப் பதில் 499 மனிதர்கள். பெய்ஜிங், கேம்பிரிட்ஜ், ஃபின்லாந்தின் ஊலு ஆகிய இடங்களில் எடுத்துப் பொதுவில் வைக்கப்பட்ட ஸ்கேன்கள். அவர்கள் ஸ்கேனருக்குள் எந்த வேலையும் செய்யவில்லை, சும்மா படுத்திருந்தார்கள். ஏதோ வேலை செய்தார்கள் என்று ஒரு போலிக் கால அட்டவணையை இந்தத் தரவின் மேல் ஒட்டி, ஆட்களைக் குலுக்கிச் சிறு குழுக்களாகப் பிரித்து, கிட்டத்தட்ட 30 லட்சம் குழு ஆய்வுகளை ஓட்டினார்கள். சாஃப்ட்வேர்கள் கொடுத்த வாக்குறுதி நூறில் ஐந்து முறை மட்டுமே ஏமாறுவோம் என்பது. சில அமைப்புகளில் நூறில் எழுபது வரை போனது.

ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதிகம் அடிபட்டது தனித்தனி வோக்சல்களுக்கான திருத்தம் இல்லை. திட்டுகளுக்கான திருத்தம். "ஒரே ஒரு பெட்டி சிவப்பானால் தற்செயல், ஒட்டியபடி நூறு பெட்டி சிவப்பானால் தற்செயலாக இருக்க முடியாது" என்பது அதன் தர்க்கம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தற்செயலாக எவ்வளவு பெரிய திட்டு வரலாம் என்பது இரைச்சல் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்துப் பெட்டிகளின் இரைச்சல் சேர்ந்தே ஏறி இறங்கினால் தற்செயல் திட்டுகளும் பெரிதாகும். தூரம் கூடக்கூட இந்த ஒற்றுமை மணி வடிவ வளைவில் சட்டென்று சரிந்துவிடும் என்று சாஃப்ட்வேர்கள் வைத்துக்கொண்டிருந்தன. உண்மைத் தரவில் அது அப்படிச் சரியவில்லை, நீளமாக வால் இழுத்தது. மூளை முழுக்க ஒரே அளவு வழவழப்பும் இல்லை. அதனால் சாதாரணமாக வரக்கூடிய திட்டுகள் எல்லாம் அபூர்வம் என்று கணக்கில் ஏறின. திட்டைத் தொடங்கும் ஆரம்ப எல்லையை நூறில் ஒன்று என்று தளர்வாக வைத்தவர்களுக்குத்தான் பெரிய அடி. ஆயிரத்தில் ஒன்று என்று கறாராக வைத்தவர்களுக்கு அவ்வளவு மோசம் இல்லை.

போகிற போக்கில் ஆஃப்னியின் ஒரு கருவியில் 15 வருடமாக இருந்த பக் ஒன்றும் இதே வேலையில் பிடிபட்டது. ஆஃப்னி குழு அதைத் திருத்தியது. அதோடு நிற்காமல் மணி வடிவத்தை விட்டுவிட்டு, அந்த வாலையும் சேர்த்துப் பொருத்தும் புது வளைவு ஒன்றையும் கொண்டு வந்தார்கள்.

"40,000 ஆய்வுக் கட்டுரைகள் செல்லாது" என்று அப்போது செய்தி பரவியது. வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் அவ்வப்போது சுற்றுகிறது. 40,000 என்பது எஃப்எம்ஆர்ஐ கட்டுரைகளின் மொத்தக் கணக்கு மாதிரியான எண். ஆசிரியர்களே பிறகு அந்த வரியைத் திருத்தினார்கள். நிக்கல்ஸ் தனியாகக் கணக்குப் போட்டு, உண்மையில் கவலைப்பட வேண்டியவை சுமார் 3,500 இருக்கலாம் என்று எழுதினார். திருத்தம் தலைப்புச் செய்தி ஆகவில்லை. அது வழக்கம்தானே.

இந்த எல்லாச் சோதனைகளிலும் பெரும்பாலும் தலை தப்பியது ஒரு பழைய, எளிய முறை: பெர்மியூட்டேஷன். எந்த வளைவையும் நம்பாதே, தரவையே கேள். 20 பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு மூளை வரைபடம். உண்மையில் எந்த விளைவும் இல்லை என்றால், ஒருவருடைய எண்களின் கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகக் கூடாது. அப்படிக் குறியை மாற்ற 10,48,576 வழி இருக்கிறது. அதில் ஓர் ஐயாயிரத்தை எடுத்து ஓட்டு. ஒவ்வொரு முறையும் மூளை முழுவதிலும் வந்த மிகப் பெரிய எண்ணை, அல்லது மிகப் பெரிய திட்டை, எழுதி வை. அசல் விடை இந்தப் பட்டியலில் உச்ச ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் நம்பு. ஐம்பது வரி பைத்தானில் எழுதிவிடலாம். கணினி நேரம்தான் தின்னும். 90-களில் அது பெரிய செலவு, இன்றைக்கு ஒரு ராத்திரி.

இதுவரை பேசியது "இல்லாததை இருக்கிறது என்று சொல்லும்" தவறு. அடுத்தது இன்னும் நைச்சியமானது. அங்கே நிஜமாகவே ஏதோ இருக்கும், ஆனால் அது மூளை இல்லை.

பரத் பிஸ்வால் 1995-ல் காட்டிய விஷயம் இது: ஒருவர் சும்மா படுத்திருக்கும்போதும் மூளையின் இடது, வலது இயக்கப் பகுதிகளின் சிக்னல் சேர்ந்தே மெதுவாக ஏறி இறங்குகிறது. எந்தப் பகுதி எதோடு சேர்ந்து ஆடுகிறது என்று பார்த்தால் மூளையின் வலையமைப்பு கிடைக்கும் என்று ஒரு பெரிய ஆய்வுத் துறையே இதிலிருந்து கிளம்பியது. இதில் வந்த அழகான கண்டுபிடிப்பு ஒன்று குழந்தைகள் பற்றியது. சின்ன வயதில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒன்றோடொன்று கூடுதலாகப் பேசுகின்றன, வளர வளரத் தூரத்துப் பகுதிகளோடு இணைப்பு பலப்படுகிறது என்று செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2009-ல் எழுதியது. கேட்கவே அழகாக இருக்கிறது இல்லையா? கிராமத்துச் சிநேகம் போய் நகரத்துத் தொடர்பு வருகிற மாதிரி.

2012-ல் அதே ஆய்வகத்திலிருந்து ஜோனதன் பவர் முதல் ஆசிரியராக இன்னொரு கட்டுரை வந்தது. ஸ்கேன் எடுக்கும்போது தலை துளி அசைந்தால் பக்கத்துப் பகுதிகளுக்கு இடையே இருக்கும் ஒற்றுமை செயற்கையாகக் கூடுகிறது, தூரத்துப் பகுதிகளின் ஒற்றுமை குறைகிறது. துளி என்றால் அரை மில்லிமீட்டர். இப்போது யோசித்துப் பாருங்கள், ஸ்கேனருக்குள் அதிகம் நெளிவது யார்? குழந்தைகள். "வளர்ச்சி" என்று தெரிந்ததில் ஒரு பங்கு, பெரியவர்கள் ஆடாமல் படுத்திருந்தது! தங்கள் குழுவே எழுதிய முடிவையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உட்படுத்திய அந்தக் கட்டுரையை எப்போது எடுத்தாலும் எனக்கு மரியாதை கூடுகிறது. அதே வருடம் வேறு இரண்டு குழுக்களும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தன.

இங்கே பணயத்தில் இருப்பது வெறும் கட்டுரை இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், ஏடிஎச்டி உள்ளவர்கள், வயதானவர்கள் எல்லோரும் சராசரியைவிட அதிகம் அசைவார்கள். "இவர்கள் மூளையின் இணைப்பு வேறு மாதிரி இருக்கிறது" என்று ஒரு முடிவு வந்தால், அது மூளையைப் பற்றியதா கழுத்தைப் பற்றியதா? ஒரு பெற்றோரிடம் போய்ச் சேருகிற வாக்கியம் இது. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

"அசைவைத்தான் கணினி அளந்து படத்தை நேராக்கிவிடுகிறதே" என்று கேட்கலாம். நேராக்குவது இடத்தை மட்டும்தான். தலை நகர்ந்தபோது அந்தத் திசு ஏற்கனவே வேறு அடுக்கின் ரேடியோ துடிப்பை வாங்கியிருக்கும், காந்தப்புலமே லேசாகக் கோணியிருக்கும், ஒரு பெட்டிக்குள் இருந்த சாம்பல் பொருளும் வெள்ளைப் பொருளும் வேறு விகிதத்தில் கலந்திருக்கும். போட்டோவில் ஆள் அசைந்து கலங்கிப்போனால் போட்டோவை நேராகத் திருப்பி வைத்தால் மட்டும் சரியாகுமா?

பவர் குழு கொடுத்த அளவுகோல் எளிமையானது, எக்செல்லிலேயே போடலாம். தலையின் நிலைக்கு ஆறு எண்கள்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையே ஒவ்வொன்றும் எவ்வளவு மாறியது என்று எடுத்து, குறியை விட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். சுழற்சி கோணத்தில் இருக்குமே? தலையை 50 மி.மீ. ஆரமுள்ள பந்து என்று வைத்துக்கொண்டு மில்லிமீட்டராக மாற்று. மொத்தம் 0.5-ஐத் தாண்டிய படங்களைத் தூக்கிப் போடு. இந்த எல்லையைப் பிறகு பலர் 0.2 வரை இறக்கினார்கள்.

தூக்கிப் போடுவது தவிர வேறு வழிகளும் வந்தன. நரம்பு செல்களின் உடல் பகுதி பெரும்பாலும் இல்லாத இடங்களில், அதாவது வெள்ளைப் பொருளிலும் மூளைத் தண்டுவட நீரிலும், ஓடும் சிக்னலை எடுத்து அதை எல்லா இடத்திலிருந்தும் கழிப்பது. ஒரே படத்தை மூன்று நான்கு எதிரொலி நேரங்களில் எடுத்து, ரத்தத்தால் வந்த மாற்றத்தையும் அசைவால் வந்த மாற்றத்தையும் பிரிப்பது. என் பார்வையில் இந்தக் கடைசி முறைதான் நேர்மையானது, ஏனென்றால் யூகத்துக்குப் பதில் இயற்பியலை நம்புகிறது. மூளை முழுவதின் சராசரியையே கழிக்கும் முறையும் உண்டு. அது அசைவை நன்றாகவே துடைக்கும், ஆனால் கணக்கின் இயல்பாலேயே எதிர்மறை ஒற்றுமைகளையும் உண்டாக்கும். அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

இத்தனை முறைகள் இருப்பதே ஒரு பிரச்சினை என்பதும் தெரியவந்தது. 108 பேர் ஒரு சூதாட்ட விளையாட்டு ஆடியபோது எடுத்த ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கருதுகோள்களுக்கு ஆமாம் இல்லை என்று பதில் கேட்டார்கள். 2020-ல் முடிவு வந்தது. எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை. ஒரே ஒரு கருதுகோளுக்கு நூறில் 84 குழு ஆமாம் என்றது, மூன்றுக்கு ஏறக்குறைய எல்லோருமே இல்லை என்றார்கள், மீதி ஐந்தில் ஆளுக்கொரு பேச்சு. ஆனால் எல்லை போடுவதற்கு முந்தைய வரைபடங்களை ஒப்பிட்டால் பெரும்பாலான குழுக்களுடையவை ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தன. அதாவது, கருத்து பிரிந்தது பெரும்பாலும் அந்தச் சிவப்பைப் பூசும் கடைசிக் கட்டத்தில். எல்லை போடாத முழு வரைபடத்தையும் வெளியிடுங்கள் என்று இப்போது வற்புறுத்துவது இதனால்தான்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இன்று வசதிக்குக் குறைவில்லை. ஓப்பன்நியூரோ தளத்தில் தரவு இலவசம், கோப்புகளுக்கு எல்லோரும் ஏற்ற பிட்ஸ் என்ற ஒரே ஒழுங்கு, முன்தயாரிப்புக்கு எஃப்எம்ஆர்ஐபிரெப், கணக்குக்குப் பைத்தானில் நைலேர்ன். அதனால் பலரும் நேராகக் கடைசி வரைபடத்துக்கு ஓடுகிறார்கள். நான் செய்வது வேறு. ஒரே ஒரு ஆளின் தரவை எடுத்து, 300 படத்தையும் சினிமா மாதிரி ஓட்டிப் பார்ப்பேன். தலை எங்கே துள்ளுகிறது, எந்த அடுக்கு திடீரென்று வெளுக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். அப்புறம் அசைவு எண்களைக் கோடாக வரைந்து பக்கத்தில் வைப்பேன். அதற்குப் பிறகுதான் மாடல்.

மாடல் ஓடி ஒரு சிவப்புத் திட்டு வந்ததும், படம் காட்டிய நேரப் பட்டியலைக் குலைத்துப் போட்டு அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுவேன். ஒரு முறை இல்லை, நூறு முறை. திருத்தம் எல்லாம் சரியாகப் போட்ட பைப்லைன் என்றால் அதில் ஐந்து முறை அளவுக்குத்தான் ஏதாவது சிவக்க வேண்டும். இருபது முறை சிவந்தால் அசல் படத்தை யாரிடமும் காட்டுவதில்லை. ஸ்மூத்திங்கை 4 மி.மீ.யிலிருந்து 8-க்கு மாற்றினால் இந்த எண்ணிக்கை எப்படி நகர்கிறது என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்கிரிப்டோடு சேர்த்து அதை அடுத்த பதிவில் போடுகிறேன்.